மீகாளின் பலகணி

வருகிற புதன்கிழமை மனைவியைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று லாக்லன் கில்கிறிஸ்ட் சபதம் எடுத்ததற்குக் காரணம் ஒரு காலுறை.

சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை. பாதி பின்னியது. இஷ்பெல் அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் புதன்கிழமை தோறும் பெண்கள் வேத வகுப்புக்குப் போவாள். காதில் வசனம், கையில் கம்பளி. பால்நகேர்ன் ஊர்ப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு எதையும் கேட்கிற ஜாதி இல்லை. அது லாக்லனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கடையில் பலகை அளக்கிற மடக்கு அளவுகோலை வீட்டுக்கு எடுத்து வந்து, மனைவி குளிக்கப் போன நேரம் பார்த்துக் காலுறையை அளந்தார். முதல் வாரம் நாலரை அங்குலம். ஆறாம் வாரமும் நாலரை அங்குலம்.

"இஷ்பெல், இந்தக் காலுறை யாருக்கு?"

"மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு."

"பிள்ளைங்க வளர்ந்துடுவாங்க. காலுறைதான் வளராது போலிருக்கு."

"வசனம் ஆழமா இருந்தா கை தானா நின்னுடுது, லாக்லன்."

"ஆறு வாரமாவா? அப்படி என்ன வசனம்?"

"ரெண்டாம் சாமுவேல், ஆறாம் அதிகாரம்."

"ஆறு வாரமும் ஒரே அதிகாரமா!"

"போதகர் லேசுல விடமாட்டேங்கறார். கால் வலிக்க வலிக்க..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"வேதம் படிக்கறதுக்கு எதுக்குக் கால் வலிக்கணும்?"

"பெஞ்சு உயரம். கால் தொங்குதில்ல?" என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டிறைச்சி சூப்பைக் கிண்டப் போய்விட்டாள்.

லாக்லன் அந்தக் கால் வலியைப் பற்றி இரண்டு நாள் யோசித்தார்.

சந்தேகப்படுவது அவருக்குப் பிறவி வரம். இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். யாராவது பூட்டு கேட்டால் எதை ஒளிக்கப் போகிறான் என்று யோசிப்பார். ஏணி கேட்டால் யார் வீட்டு ஜன்னலுக்கு என்று யோசிப்பார். இதனாலேயே அவரைச் சபை மூப்பராகத் தேர்ந்தெடுத்தார்கள். இதனாலேயே சபை மண்டபத்துச் சாவியையும் அவரிடம் கொடுத்தார்கள். பால்நகேர்னில் நாலு பேர் சேர்ந்து நிற்கக் கூரை உள்ள இடம் அந்த மண்டபம் ஒன்றுதான். அக்டோபர் முதல் மார்ச் வரை வெளியே மழை, இல்லாவிட்டால் பனி. ஆகவே அந்த ஆறு மாதம் ஊர் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது அவர் கோட்டுப் பையில் இருந்த ஒரு துருப்பிடித்த சாவியின் விஷயம்.

செய்யக்கூடாதவற்றில் முதலாவது நடனம்.

போன குளிர்காலத்திலிருந்தே பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எட்டுப் பேர் எதிரும் புதிருமாக நாலு ஜோடியாக நின்று ஆடுகிற சாதாரண நாட்டுப்புற ஆட்டம்தான். பாட்டன் காலத்திலிருந்து எல்லாரும் ஆடியதுதான். லாக்லன் முடியாது என்றார். அறுவடை ஸ்தோத்திர விருந்தில், ஊரே கேக் தின்றுகொண்டிருந்தபோது, பேக்கரி டூகலின் மனைவி ஜெஸ்ஸி வாயில் ரொட்டியோடு கேட்டே விட்டாள்.

"தாவீது ராஜா ஆடலையா, மூப்பரே?"

லாக்லன் எழுந்து நின்றார். வேதத்தை வைத்து அவரை மடக்கியவர் அதுவரை அந்த ஊரில் யாரும் இல்லை.

"தாவீது தனியா ஆடினார். யார் கையையும் பிடிக்கல. உங்க ஆட்டத்துக்கெல்லாம் என்ன பேரு? 'குடிகாரத் தையல்காரன்'. 'மாவு மில்காரன் மக'. பேரைக் கேட்டாலே காது கூசுது. பேரும் வேதத்துலேர்ந்து வரணும், ஆட்டமும் வேதத்துலேர்ந்து வரணும். அப்படி ஒண்ணே ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். அன்னிக்கே சாவியைக் கொடுத்துட்டு நானே வந்து ஆடறேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். இஷ்பெல் மட்டும் சிரிக்கவில்லை. அவள் ஏதோ கணக்குப் போடுகிறவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் கைதட்டல் கிடைக்கிற நேரத்தில் எந்த மனிதனுக்குத்தான் புத்தி வேலை செய்யும்?

நடனம் பாவம் என்ற வெளிச்சம் லாக்லனுக்கு எப்போது கிடைத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், அவருடைய கல்யாணத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. கல்யாணத்தன்று முதல் ஆட்டத்தில் எழுபது பேர் இடது பக்கம் திரும்பினார்கள். மாப்பிள்ளை மட்டும் வலது பக்கம் திரும்பினார். திரும்பிய வேகத்தில் டண்டீயிலிருந்து வந்திருந்த பெண்ணின் அத்தை மேல் மோதினார். அத்தை மேஜை மேல் விழுந்தாள். அவர் அத்தை மேல் விழுந்தார். இரண்டு பேர் மேலும் கல்யாண கேக் விழுந்தது. பிடில் வாசித்தவருக்குச் சிரிப்பில் வில்லே கைநழுவிவிட்டது. அன்றிலிருந்து லாக்லன் ஆடியதில்லை. இஷ்பெலும் ஆடியதில்லை. ஆடத் தெரிந்த கால்கள் அவளுக்கு. பத்தொன்பது வருஷமாக அவை அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவே சும்மா நடந்துகொண்டிருந்தன. அதை நினைத்தால் அவருக்கும் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும். அதனால் நினைக்க மாட்டார்.

காலுறைக்குப் பிறகு தடயங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. புதன்கிழமை சாயங்காலம் அவள் கன்னம் சிவந்து வந்தாள். ஒரே மூச்சில் நாலு ஓட்ஸ் ரொட்டி தின்றாள். பையில் காலுறைக்கு அடியில் மெல்லிய தோல் செருப்பு ஒரு ஜோடி இருந்தது. அந்த ஊர்ச் சேற்றில் அதைப் போட்டுக்கொண்டு பத்தடி நடக்க முடியாது. எல்லாவற்றையும்விட மோசம் முட்டைக் கிண்ணங்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவர் கஞ்சி குடிக்க வந்தபோது, வீட்டில் அவித்த முட்டை வைக்கிற எட்டுச் சின்னக் கிண்ணங்களும் மேஜைமேல் அணிவகுத்து நின்றன. இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. இஷ்பெல் ஒன்றை நகர்த்தினாள். இன்னொன்றை அதைச் சுற்றிக் கொண்டுபோனாள். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன பண்றே?"

"கழுவி அடுக்கறேன்."

"அலமாரியில அடுக்கறதுதானே வழக்கம்?"

"காயட்டும்னு."

"ஒண்ணை ஒண்ணு சுத்தினா சீக்கிரம் காயுமா?"

"லாக்லன், கஞ்சி ஆறுது."

அவர் கஞ்சியைக் குடித்தார், கண்ணை எடுக்கவில்லை. ஏழு கிண்ணங்கள் இடம் மாறி மாறி வந்தன. எட்டாவது மட்டும் அசையவே இல்லை. விளிம்பு உடைந்த மூளிக் கிண்ணம் அது. கடைக்கோடியில் தனியாக நின்றது. அவள் கடைசியில் ஒரு கிண்ணத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, இரண்டையும் பார்த்துச் சிரித்தாள். தன்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் ஆகிறது என்று லாக்லனுக்குத் தோன்றியது. ஒரு மூளிக் கிண்ணத்தின் மேல் பொறாமை வந்தது.

வேலியருகே டூகலைப் பிடித்தார். டூகல் பேக்கரிக்காரர், அவரும் ஒரு மூப்பர். மனைவி ஜெஸ்ஸி சொன்னால் சொன்னபடி நடந்து சந்தோஷமாகக் குண்டானவர்.

"டூகல், உன் வீட்டுக்காரியும் புதன்கிழமை வேத வகுப்புக்குத்தானே போறா?"

"போறாளே."

"அவ காலுறை வளருதா?"

டூகல் கையிலிருந்த மாவைத் தட்டினார். "நான் அதெல்லாம் பார்க்கறதில்லப்பா. பார்த்தா கேக்கத் தோணும். கேட்டா பதில் வரும். பதில் வந்தா எனக்குத்தான் கஷ்டம்."

"உனக்குச் சந்தேகமே வரலையா?"

"வந்துச்சு. ஜெஸ்ஸி வேண்டாம்னுட்டா. விட்டுட்டேன்."

இவன் ஒரு ஆண்பிள்ளையா என்று நொந்துகொண்டு லாக்லன் போதகரைத் தேடிப் போனார். போதகர் கிரெய்க் இளைஞர். பெர்த்திலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவர் நடையில் ஒரு துள்ளல் உண்டு. அதுவே லாக்லனுக்கு ஆரம்பத்திலிருந்து பிடிக்கவில்லை.

"ஐயா, வேத வகுப்பு எப்படிப் போகுது?"

"பிரமாதமாப் போகுது, மூப்பரே. ஆறாம் அதிகாரத்துக்குள்ளேயே இறங்கிட்டோம். பெண்கள் அவ்வளவு உற்சாகம்."

"நானும் ஒரு நாள் வந்து கேக்கலாமா?"

போதகர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. வந்த வேகத்தில் அணைந்தது. "பெண்கள் வகுப்பாச்சே... சங்கோஜப்படுவாங்க. வராம இருக்கறதுதான் நல்லது. ஜன்னல் பக்கம்கூட வந்துடாதீங்க."

ஜன்னல்! அவர் ஜன்னலைப் பற்றிப் பேசவே இல்லையே. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை லாக்லன் வெல்லக்கட்டி மாதிரி வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே வந்தார்.

புதன்கிழமை அரைநாள் கடை. ஒரு மணிக்கு ஊர் முழுக்கக் கதவைச் சாத்திவிடும். இரண்டரைக்கு இஷ்பெல் வழக்கம்போல் கையை நீட்டினாள். அவர் சாவியைக் கொடுத்தார்.

"முதுகு வலி. நான் கொஞ்சம் படுக்கறேன்" என்றார்.

"நல்லாப் படுங்க. மூணு மணிக்கு மேல தூங்கினா அருமையாத் தூக்கம் வரும்" என்றாள்.

மூன்று மணி ஆகிற வரைக்கும் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு பூட்ஸை மாட்டிக்கொண்டு, கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரமாகக் குனிந்து குனிந்து, மண்டபத்தின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. பாதி தூரத்திலேயே கேட்டுவிட்டது. பிடில்! அந்தச் சபையில் சங்கீதம் பாடினாலும் வாய்ப்பாட்டுதான். வாத்தியத்துக்கு இடமே கிடையாது. லாக்லனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன் மனைவி தன் சாவியால் திறந்த கூரைக்குக் கீழேயே தன்னை ஏமாற்றுகிறாள் என்று நிரூபணமாகிற சமயத்தில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு ஆனந்தம் வரக்கூடாது. அவருக்கு வந்தது.

ஜன்னல் உயரம். ஆனால் சொல்லிவைத்த மாதிரி அதற்கு நேர் கீழே ஒரு ரொட்டிக்கடை மரப்பெட்டி கவிழ்ந்து கிடந்தது. ஏறி நின்றார். கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார். பார்த்தார்.

பெஞ்சுகளெல்லாம் சுவரோரம். மேடையில் போதகர், தாடைக்கடியில் பிடில். நடுவில் ஏழு பெண்கள். ஆண்கள் இல்லாத குறைக்கு ஜெஸ்ஸியும் இன்னும் இரண்டு பேரும் தோளில் குறுக்கே கட்டம் போட்ட துணிப்பட்டை கட்டி ஆண் வேஷம் போட்டிருந்தார்கள். நடுவே இஷ்பெல். அவளும் பட்டை கட்டியிருந்தாள். அவள் ஆடுவதைப் பார்த்து லாக்லனுக்கு ஒரு நிமிஷம் வந்த காரியமே மறந்துபோயிற்று. நாற்பத்திரண்டு வயசு. தரையில் கால் படுவதே தெரியவில்லை.

பிறகுதான் கவனித்தார். ஏழு பேர்தான் இருந்தார்கள். இந்த ஆட்டத்துக்கு எட்டுப் பேர் வேண்டுமே! கடைக்கோடியில் ஓர் இடம் காலி. அங்கே ஆள் நிற்கிற மாதிரியே அவர்கள் அந்தக் காலி இடத்துக்குத் தலை வணங்கினார்கள். அதைச் சுற்றிப் போனார்கள். பிறகு இரண்டு ஜோடிகள் எதிரெதிரே நின்று கையைக் கோத்து உயர்த்தி ஒரு சதுரம் பிடித்தன. அந்தக் கைச் சட்டத்துக்குப் பின்னால் இஷ்பெல் துள்ளி வந்து நின்றாள். அதன் வழியாக நேராக மேலே பார்த்தாள்.

ஜன்னலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மூளிக் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்தாளே, அதே சிரிப்பு.

பிடில் நின்றது. "வந்தாச்சு!" என்று ஏழு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

லாக்லன் குதித்து ஓடியிருக்கலாம். ஆனால் பெட்டியின் பலகை உடைந்து வலது கால் உள்ளே போய்விட்டது. ஜெஸ்ஸி வந்து அவரைப் பெட்டியோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே போனதும் அவர்தான் முதலில் பாய்ந்தார். "வேத வகுப்பா இது? ஐயா, நீங்களுமா!"

"வேத வகுப்பேதான்," என்றார் போதகர். "ஆறாம் அதிகாரம். உங்களைவிட நல்லாச் சொல்றவங்க இந்த ஊர்ல யாரு? கொஞ்சம் சொல்லுங்க, மூப்பரே."

வேதத்தைச் சொல்லச் சொன்னால் லாக்லன் தூக்கத்திலும் சொல்வார். காலில் பெட்டியோடு நிமிர்ந்து நின்று தொடங்கினார். "தாவீது ராஜா உடன்படிக்கைப் பெட்டியைப் பட்டணத்துக்குக் கொண்டு வரார். ஆண்டவர் சந்நிதியில தன் முழு பலத்தோட ஆடறார். அப்போ அவர் பெண்சாதி மீகாள் பலகணி வழியா..."

நின்றுவிட்டார். பலகணி என்றால் ஜன்னல்தானே!

"பலகணி வழியா?" என்று போதகர் எடுத்துக்கொடுத்தார்.

"பலகணி வழியா... பார்த்து..."

"பெட்டி மேல ஏறி நின்னு பார்த்தாளா மூப்பரே, தரையில நின்னு பார்த்தாளா?" என்றாள் ஜெஸ்ஸி.

"பார்த்து மனசுக்குள்ள அவரை இளக்காரம் பண்ணினா," என்று போதகர் முடித்துவைத்தார். "அதுல ஆண்டவர் யார் பக்கம்? ஆடினவர் பக்கமா, பலகணியில நின்னவங்க பக்கமா?"

லாக்லன் குனிந்து காலில் மாட்டியிருந்த பெட்டியைக் கழற்றினார்.

இஷ்பெல் முன்னால் வந்தாள். "இந்த ஆட்டத்துக்குப் பேரு 'மீகாளின் பலகணி', லாக்லன். நான்தான் கட்டினேன். பேரும் வேதத்துலேர்ந்து, ஆட்டமும் வேதத்துலேர்ந்து. அறுவடை விருந்துல ஊர் முன்னால என்ன சொன்னீங்க?"

"சொன்னது சரி. ஆனா நீ என்கிட்டே நேரா வந்து சொல்லியிருக்கலாமே! எதுக்கு இந்தத் திருட்டுத்தனம்?"

"கூப்பிட்டா நீங்க வரமாட்டீங்க. சந்தேகப்பட்டா மட்டும்தான் வருவீங்க. ஆறு வாரமா எவ்வளவு பாடுபட்டேன்! காலுறையை நீங்க அளக்கற இடமாப் பார்த்து வெச்சேன். செருப்பைக் கண்ணுல படற மாதிரி ஒளிச்சேன்."

"ஜன்னலைப் பத்தி வாய் தவறின மாதிரி பேசச் சொல்லி எனக்கு ரெண்டு நாள் பயிற்சி," என்றார் போதகர்.

"பெட்டி எங்க கடையோடது," என்றாள் ஜெஸ்ஸி. "உடைச்சதுக்கு நீங்கதான் பொறுப்பு."

லாக்லன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு மனைவியிடம் மட்டும் சொன்னார். "இஷ்பெல், எனக்கு ஆட வராது. உனக்குத் தெரியும். எல்லாரும் இடது பக்கம் போனா..."

"தெரியும்," என்றாள் அவளும் தாழ்ந்த குரலில். "அதனாலதான் மீகாளைப் பிடிச்சேன். இந்த ஆட்டத்துல ஏழு பேர் ஆடுவாங்க. மீகாள் ஆட வேண்டாம். கடைக்கோடியில நின்னு முறைச்சுப் பார்த்தா போதும். அது உங்களைவிட யாருக்கு வரும்? வேதத்துல மீகாள் கடைசி வரைக்கும் கோவிச்சுக்கிட்டா. நம்ம ஆட்டத்துல மட்டும், முடியறப்போ தாவீது வந்து கையை நீட்டறப்போ, மீகாள் ரெண்டு கையையும் கொடுத்து ஒரே ஒரு சுத்து சுத்தணும்."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம் போனாலும் சரிதான். நான் கூட வருவேன்."

அப்போதுதான் லாக்லனுக்குப் புரிந்தது, தான்தான் அந்த மூளிக் கிண்ணம் என்று. பத்தொன்பது வருஷம் இவளை நிறுத்திவைத்ததற்கு, இவள் என்னை நிற்க வைத்தே ஆட வைக்கிறாளே என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்க அவரிடம் இருந்தது ஒரு முறைப்புதான். அதை வைத்துக்கொண்டு காலி இடத்தில் போய் நின்றார்.

பிடில் தொடங்கியது. ஏழு பேரும் ஆடினார்கள். அவர் முறைத்தார். இவ்வளவு தத்ரூபமான மீகாளைப் பார்த்ததில்லை என்று போதகர் பிறகு சொன்னார். கடைசியில் இஷ்பெல் துள்ளி வந்து கையை நீட்டினாள். அவர் இரண்டு கையையும் கொடுத்தார். எல்லாரும் இடது பக்கம் சுற்றினார்கள். அவர் வலது பக்கம் சுற்றினார். அவளும் அவரோடு வலது பக்கமே சுற்றினாள். யாரும் விழவில்லை.

சாவி அன்று அவர் பைக்குத் திரும்பவில்லை.

ஆனாலும் சாயங்காலம் சூப்புக் குடிக்கிறபோது லாக்லன் தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். யோசித்துப் பார்த்தால் தோற்றுப்போகவில்லை என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

"ஒண்ணு சொல்றேன், இஷ்பெல். நான் ஆடல. நின்னேன். ஒரு தடவை திரும்பினேன். திரும்பறது நடனம் ஆகாது. என் கொள்கைக்கு ஒரு பங்கமும் இல்லை."

"துளிகூட இல்லை."

"இன்னொண்ணு. சாவியைக் கொடுத்தது வேத ஆட்டத்துக்கு மட்டும். தையல்காரன், மில்காரன் எல்லாம் உள்ள வரக்கூடாது. வேத ஆட்டம் ஒண்ணுதான் இருக்கு. குளிர்காலம் முழுக்க அதையே ஆடினா உங்களுக்கே அலுத்துடும்."

"நானும் அதைத்தான் யோசிச்சேன்," என்றாள் இஷ்பெல். எழுந்து போய் எட்டு முட்டைக் கிண்ணங்களையும் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். "அடுத்த புதன்கிழமைக்கு 'எரிகோவின் மதில்'. கையைக் கோத்துக்கிட்டு ஏழு சுத்து."

"ஏழு சுத்தா! எனக்கு அது சரிப்படாது. அதுலயும் நிக்கிற ஆள் யாராவது இருப்பாங்க இல்ல?"

"இருக்காங்களே. மதில் நிக்கும். அது நீங்கதான்." மூளிக் கிண்ணத்தை எடுத்து நடுநாயகமாக வைத்தாள்.

அவர் முகம் மலர்ந்தது. மதில்! கம்பீரமான வேஷம். அவர் சுபாவத்துக்குப் பொருத்தமானதும்கூட. அந்தப் பெருமிதத்தில் வேதத்தில் வரும் மிச்சக் கதை அவருக்கு மறந்தே போயிற்று.

"கடைசி வரைக்கும் அசையாம நிக்கலாமா?"

"ஏழாவது சுத்து முடியற வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் தொபுக்கடீர்னு விழணும்," என்று இஷ்பெல் கிண்ணத்தை ஒரு விரலால் சாய்த்தாள். "அதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். நம்ம கல்யாணத்தன்னிக்கே நல்லா வந்துச்சே."